பாதித் தகரக் கூரை

என் தலைக்கு மேல் நடந்துகொண்டிருந்த கால்கள் சட்டென்று நின்றுவிட்டன.

நான் சமையலறையில் நீசு என்கிற இனிப்பு ரொட்டிக்கு ஏலக்காய் போட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எங்கள் சமையலறைக்கு மேலே மச்சு கிடையாது, நேராகக் கூரைதான். ஜனவரியில் பக்கத்து வீட்டு வின்ஸ் ஏறிப் பனி அள்ளும்போது அவன் எங்கே நிற்கிறான், எந்தக் காலைத் தூக்குகிறான் என்பதைக் கீழே இருந்தே சொல்லிவிடுவேன். இடது கால் கொஞ்சம் இழுக்கும். நாலு எட்டு வைப்பான், ஷவலைக் குத்துவான், தள்ளுவான், பனி என் ஜன்னலுக்கு வெளியே பொத்தென்று விழும். அன்றைக்கு ஷவலைக் குத்திய சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

துடைப்பக் கட்டையை எடுத்துக் கூரையை இடித்தேன். எங்களுக்குள் அது பழைய வழக்கம். மூன்று இடி இடித்தால் காபி தயார் என்று அர்த்தம். அவன் மேலேயிருந்து ஒரு உதை விட்டால் வருகிறேன் என்று அர்த்தம். உதை வரவில்லை.

வீட்டுச் செருப்போடு வெளியே ஓடினேன். கொட்டுகிற பனியில், புகைபோக்கியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தொப்பி மடியில் இருந்தது. ஒரு கை நெஞ்சின் மேல் இருந்தது.

"என்னய்யா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஊரைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"இந்தக் கொட்டுல எதிர் வீடே தெரியல. எந்த ஊரைப் பாக்குற நீ?"

"மூச்சு வாங்குது தைமி. கொஞ்ச நேரம் சும்மா விடு. செருப்போட நிக்கிற பாரு, கால் விறைச்சுப்போகும். உள்ள போ."

முகம் அடுப்புச் சாம்பல் மாதிரி இருந்தது. எண்பதைத் தொடப்போகிற மனுஷன். இந்த ஆள் இனிமேல் இந்தக் கூரையில் ஏறக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஏறினால் ஒருநாள் அங்கேயே செத்துப்போவான், நான் கீழே மாவும் கையுமாக நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஏறாதே என்று சொன்னால் கேட்கிற ஆளா அவன்? அதனால் ஏறத் தேவையே இல்லாத கூரையைப் போடுவது ஒன்றுதான் வழி. எங்கள் வீட்டின் மேல் இருந்தது தார் ஓடு. சொரசொரப்பானது. விழுந்த பனி விழுந்தபடி கிடக்கும். யாராவது ஏறி அள்ளாவிட்டால் உத்தரம் முனக ஆரம்பித்துவிடும். தகரத்தில் அந்தத் தொல்லை இல்லை. லேசாக வெயில் காட்டினால் போதும், பனி மொத்தமாக வழுக்கிக் கீழே வந்துவிடும். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கூரை எனக்கு மட்டும் சொந்தமில்லை.

தாமிரச் சுரங்கம் ஓடிய காலத்தில் கம்பெனி தன் ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடு எங்களுடையது. ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர், இரண்டு குடும்பம். சுவருக்கு இந்தப் பக்கம் பின்லாந்துக்காரர்களான நாங்கள். அந்தப் பக்கம் குரோஷியாக்காரர்களான வின்ஸ் குடும்பம். சுரங்கம் மூடியபிறகு கம்பெனி வீடுகளை விற்றது. என் வீட்டுக்காரர் உர்ஹோ இந்தப் பாதியை வாங்கினார், வின்ஸ் அந்தப் பாதியை வாங்கினான். சுவர் பிரித்தது வீட்டை மட்டும்தான். அதற்கு மேலே கூரை ஒன்றாகவே கிடந்தது.

வாங்கிய முதல் கோடையிலேயே இரண்டு பேரும் சேர்ந்து பழைய மரப்பட்டைகளைப் பிய்த்துவிட்டுத் தார் ஓடு வேய்ந்தார்கள். என்ன கோடை அது! சட்டையில்லாமல், முதுகு சிவந்து, வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே ஆணி அடித்தார்கள். வின்ஸின் அம்மா வால்நட் பூரணம் வைத்துச் சுருட்டிய ரொட்டியைக் கூடையில் வைத்து மேலே அனுப்புவாள். நான் கறியும் கிழங்கும் அடைத்த பாஸ்டி சுட்டு அனுப்புவேன். எது முதலில் காலியாகிறது என்று நானும் அந்த அம்மாவும் கீழே நின்று ஓரக்கண்ணால் பார்ப்போம். சாயங்காலம் இரண்டு பேரும் தாரும் கையுமாகக் கொல்லையிலிருக்கிற சானா என்கிற நீராவிக் குளியலறைக்குள் போய்விடுவார்கள். உள்ளேயும் சண்டை கேட்கும். இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் தார் வாசனை எனக்கு வருகிறது, நெஞ்சு வலிக்கிறது.

கூரையின் நடுவில், சுவருக்கு நேர் மேலே, ஒரு பெரிய ஆணி அடித்து வைத்தார்கள். அதுதான் எல்லை. அவரவர் பாதிப் பனியை அவரவர் அள்ள வேண்டும். ஆனால் உர்ஹோ எல்லையோடு நிற்கமாட்டார். ஆணியைத் தாண்டி ஒரு ஷவல் அகலத்துக்கு அவன் பக்கத்தையும் அள்ளிவிட்டுத்தான் நிமிர்வார். வின்ஸும் அப்படியே இந்தப் பக்கம் ஒரு ஷவல் அகலம் அள்ளுவான். எங்கள் தெருவில் இரட்டை வீட்டுக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். எல்லையோடு கறாராக நிறுத்துகிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள். "அவனா, ஆணியோட நிறுத்துறவன்" என்று சொன்னால் போதும், அந்த ஆளைப் பற்றி வேறு எதுவும் கேட்கத் தேவையில்லை.

உர்ஹோ போனபிறகு வந்த முதல் குளிர்காலத்தில், நான் ஆள் பார்க்க வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே கால் சத்தம் கேட்டது. வின்ஸ் ஆணியைத் தாண்டியவன் நிற்கவே இல்லை. என் பாதி முழுவதையும் அள்ளிக்கொண்டு போனான். அன்றைக்கு நான் சமையலறையில் நின்று அழுதேன். அப்புறம் துடைப்பக் கட்டையை எடுத்துக் கூரையை இடித்தேன். உர்ஹோவுக்கு இடிப்பது போலவே இடித்தேன். வந்தான், கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்தான், காபி குடித்தான், ரொட்டியில் ஏலக்காய் போதவில்லை என்று குற்றம் சொன்னான், போனான்.

அதிலிருந்து எனக்குக் குளிர்காலமே அந்தக் கால் சத்தம்தான். வெளியே சுப்பீரியர் ஏரியிலிருந்து காற்று வந்து மோதும். ஜன்னல் பாதிவரை பனி மூடியிருக்கும். தலைக்கு மேலே ஒரு மனுஷன் நடப்பான். அதைவிடச் சந்தோஷமான சத்தம் எனக்குத் தெரியாது. தகரம் போட்டால் அது நின்றுபோகும் என்பதும் எனக்குத் தெரியும். நின்றால் நிற்கட்டும், ஆள் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

வசந்தத்தில் பனி கரைந்ததும் கூரை வேலைக்கார டேரிலிடம் ஒரு தகரத் துண்டு வாங்கிக்கொண்டு வின்ஸிடம் போனேன். அவன் கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னது இது, சாப்பாட்டுத் தட்டா?"

"கூரை. பச்சை நல்லாயிருக்குல்ல?"

"யாரோட கூரை?"

"நம்ம கூரை."

விறகைக் கீழே வைத்தான். "தகரமா? மழை பேஞ்சா பேய் கூத்தாடுற மாதிரி சத்தம் கேக்கும். ஆலங்கட்டி விழுந்தா சொட்டை விழும். நம்ம தார் ஓட்டுக்கு என்ன குறை? ஒழுகுதா?"

"ஓரமெல்லாம் சுருண்டுகிட்டுக் கிடக்கு. எப்படியும் மாத்தித்தான் ஆகணும்."

"மாத்துவோம். திரும்ப தார் ஓடே போடுவோம்."

"போட்டா யார் ஏறி அள்ளறது?"

"இத்தனை வருஷமா யார் அள்ளுனாங்களாம்? தேவதை வந்து அள்ளுச்சா?"

"போன ஜனவரில புகைபோக்கியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது எந்தத் தேவதை?"

அவன் காது சிவந்துபோயிற்று. விறகைத் திரும்ப எடுத்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த அடுக்கையே கலைத்து அடுக்கினான்.

"உர்ஹோ கையால அடிச்ச ஆணி அதுல இருக்கு" என்றான் கடைசியில்.

கெட்ட கோபம் வந்தது எனக்கு. "என் புருஷனை எனக்கு நீ ஞாபகப்படுத்த வேண்டாம். அவர் உயிரோட இருந்தா உன்னைக் கூரை ஏற விட்டிருக்க மாட்டாரு. நீ என்ன வேணா பண்ணு. என் பாதிக்கு நான் தகரம் போடப்போறேன்."

"போட்டுக்கோ. என் பாதி தார்தான்."

இரண்டு பேருமே வீம்பு பிடித்தவர்கள். ஊரில் கேட்டால் சொல்வார்கள். கோடை முழுக்க நான் பேசிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். அசையவில்லை. சரி, என் பாதியில் பனி தங்காவிட்டால் அவனுக்கு அள்ளுகிற வேலையில் பாதியாவது குறையும், அதுவே லாபம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

டேரில் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"ஏம்மா, ஒரே சரிவுல பாதி தகரம், பாதி தாரா? மூட்டுல ஒழுகாம பண்றதுக்குள்ள எனக்கு உசிரு போயிடும். ரெண்டு பேரும் உக்காந்து பேசக் கூடாதா?"

"பேசிட்டோம்" என்றேன்.

"பேசுனா இப்படியா ஆகும்?"

"அளவு எங்கேன்னு மட்டும் கேளுப்பா. உபதேசம் பண்ணாத" என்று வின்ஸ் அந்தப் பக்கத்துப் படியிலிருந்து குரல் கொடுத்தான். அப்புறம் அவனே ஏணி வைத்து ஏறினான். ஏறாதே என்று நான் கத்தியது அவன் காதில் விழவில்லை. சுருண்ட தார் ஓடுகளுக்கு நடுவில் தடவித் தடவி அந்த ஆணியைக் கண்டுபிடித்தான். சுண்ணாம்புக் கயிறு கட்டி, உச்சியிலிருந்து இறவாணம்வரை நீலக் கோடு ஒன்று அடித்துக்கொடுத்தான். ஒரு விரல்கூடப் பிசகவில்லை என்று டேரில் சொன்னான். அந்தக் கோட்டோடு, பிடுங்காமல் விட்ட ஆணியை ஒட்டி, என் பச்சைத் தகரம் நின்றது. மறுபக்கம் அவனுடைய புதிய கறுப்புத் தார் ஓடு. கதவுக்கு மேல் பனி விழாமல் இருக்க, டேரில் என் பின்வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு முக்கோணக் கூரையும் வைத்துக்கொடுத்தான்.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். வின்ஸும் நானும் அவரவர் பக்கத்தில் நின்று, சிரிப்பவர்களை முறைத்தோம்.

அந்தக் குளிர்காலம் நவம்பரிலேயே வந்துவிட்டது. முதல் பெரிய பனி விழுந்த மறுநாள் வெயில் எட்டிப்பார்த்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஏதோ இழுபட்டது. சரக்கு ரயில் போகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், என் கூரையில் இருந்த பனி மொத்தமும் கொல்லையில் வந்து குவிந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். என் பாதி துடைத்துவிட்டது போலப் பச்சையாக மின்னியது. அவன் பாதியில் முழங்கால் உயரத்துக்குப் பனி.

அவன் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன். என் காபியக் கொட்டவெச்சுட்ட."

ஜெயித்துவிட்டேன் என்றுதான் உள்ளே வந்தேன். ஆனால் அப்புறம் வந்த நாட்கள் எனக்குப் பிடிக்கவில்லை. பனி விழும், வெயில் வரும், ஒரு உறுமல், முடிந்தது. என் தலைக்கு மேலே நடக்க யாருக்கும் வேலையில்லை. துடைப்பக் கட்டை தரையைக் கூட்ட மட்டுமே பயன்பட்டது. வின்ஸை வேலியோரம் பார்ப்பேன், கை காட்டுவான், போய்விடுவான். ரொட்டி சுட்டால் பாதி காய்ந்து வீணாகும். வீட்டுக்குள் இவ்வளவு அமைதி உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் ஜன்னலுக்கு வெளியே குவிந்த பனி மட்டும் வளர்ந்துகொண்டே போனது. ஜனவரி நடுவில் இறவாணத்தைத் தொட ஒரு கை உயரம்தான் பாக்கி.

அப்போதுதான் ஒருநாள் அந்தப் பக்கம் ஏணி உரசுகிற சத்தம் கேட்டது. ஏறிவிட்டான் பாவி.

போய்த் தடுக்கலாம். தடுத்தால் வீம்புக்கு இன்னும் வேகமாக அள்ளுவான். அதனால் அடுப்பை அணைத்துவிட்டு, சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன். நாலு எட்டு. ஷவல். தள்ளல். இடது கால் போன வருஷத்தைவிட அதிகமாக இழுத்தது. நடுவில் நிற்பான். என் மூச்சும் நிற்கும். மறுபடி நாலு எட்டு. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் சுவரை நெருங்கிக்கொண்டே வந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தது. இதோ ஆணிக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். ஷவலைக் குத்தினான். தள்ளினான். முடித்துவிட்டான் என்று நிம்மதியாக எழுந்தேன்.

டங்கென்று தகரத்தில் ஒரு கால் விழுந்தது.

அடுத்தது ஒரு நீளமான உரசல். என் தலைக்கு மேலேயே ஆரம்பித்து, சரசரவென்று இறங்கி, சமையலறையைத் தாண்டிப் போய், பொத்தென்று முடிந்தது. ஜன்னலில் மிச்சமிருந்த கொஞ்ச வெளிச்சமும் போயிற்று.

கத்தினேனா என்று எனக்கு ஞாபகமில்லை. கதவைத் திறந்து எப்படி வெளியே போனேன் என்பதும் ஞாபகமில்லை. என் கூரை கொட்டிவைத்திருந்த பனிக் குவியலுக்குள் வின்ஸ் அக்குள்வரை புதைந்து நின்றுகொண்டிருந்தான். தொப்பியைக் காணோம். கையில் ஷவல் மட்டும் இருந்தது.

"உசிரோட இருக்கியா?"

"இருக்கேன்னுதான் நினைக்கிறேன். கீழ்ப்பாதி என்ன ஆச்சுன்னு தெரியல."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. மானம்தான் போச்சு."

"ஏன்யா என் பக்கம் வந்த? நீயே போட்டுக் குடுத்த கோடுதானே? என் பக்கம் அள்ள என்ன இருந்துச்சு, ஒரு விரல் பனிகூட இல்லையே!"

பரிதாபமாக என்னைப் பார்த்தான். "எனக்கு மட்டும் தெரியாதா? ஆணி வந்துச்சு. கால் தானா ஒரு ஷவல் அகலம் தள்ளிப் போயிடுச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அவனை அறையவேண்டும் போலவும் இருந்தது. எதையும் செய்ய நேரமில்லை. அவன் கையிலிருந்த ஷவலைப் பிடுங்கி அவனைச் சுற்றித் தோண்ட ஆரம்பித்தேன். அவன் உள்ளே நின்றபடி யோசனை சொன்னான்.

"இடது பக்கம் பாத்துத் தோண்டு. என் காலு அங்கதான் எங்கயோ இருக்கு."

"வாய மூடிக்கிட்டு நில்லு."

"உன் தகரம்தான் என்னைத் தள்ளிவிட்டுச்சு. உன் தகரம் கொட்டுன பனிதான் தாங்குச்சு. உன்னைத் திட்டறதா கும்புடறதான்னே தெரியல தைமி."

மேலே இழுத்துப் போட்டேன். கை கால் எல்லாம் இருந்தன. சமையலறைக்குக் கூட்டிவந்து அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்து, உர்ஹோவின் பழைய கம்பளிக் காலுறையைக் கொடுத்தேன். காபி கொடுத்தேன்.

"தகரம் போட்டுத் தொலைச்சா என்ன உனக்கு?" என்றேன். "நீ செத்துப்போனா நான் என்ன பண்ணுவேன்னு ஒரு நாளாவது நினைச்சியா?"

சர்க்கரைக் கட்டியைக் காபியில் தோய்த்துக்கொண்டே இருந்தான். அது கரைந்து உள்ளே விழுந்துவிட்டது.

"தகரம் போட்டா நான் இங்க எதுக்கு வரது?"

"என்னது?"

"உர்ஹோ இருந்தப்ப சானாவுக்கு வருவேன், அவனோட உக்காந்து பேசுவேன். அவன் போனதுக்கப்புறம் கூரை ஒண்ணுதான். மேல அள்ளுவேன், நீ இடிப்ப, நான் வருவேன். எனக்கு இந்த வீட்டுக்கு வழியே மேலதான் இருந்துச்சு."

"கதவு ஒண்ணு இருக்குல்ல?"

"கதவத் தட்டி என்னன்னு சொல்றது?"

கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷன். அம்மா போனபிறகு அந்தப் பாதியில் தனியாகவே இருக்கிறான். அவன் கோப்பையை வாங்கி இன்னொரு முறை ஊற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அடுத்த கோடையில் டேரில் வந்து அவன் பாதிக்கும் பச்சைத் தகரமே போட்டான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லை ஆணியைப் பிடுங்கி டேரில் கீழே போட, வின்ஸ் அதை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கூரை திரும்பவும் ஒன்றாகிவிட்டது. இனி யாரும் ஏற வேண்டாம். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் வந்தது. பனி கொட்டியது. மறுநாள் காலையில் வெயில் பட்டதும் இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டு இறங்கின. வீடே ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. ரொட்டியும் அப்போதுதான் வெந்திருந்தது. என்னை அறியாமல் துடைப்பக் கட்டையை எடுத்துக் கூரையை மூன்று முறை இடித்துவிட்டேன்.

மேலே யார் இருக்கிறார்கள்? கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அசடு மாதிரி நின்றேன்.

அப்போது வெளியே ஷவல் குத்துகிற சத்தம் கேட்டது. மேலேயிருந்து இல்லை, தரையிலிருந்து. நாலு எட்டு. ஷவல். தள்ளல். இடது கால் இழுத்தது. ஜன்னலைப் பனி மூடியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் அவன் பின்வாசலிலிருந்து கிளம்பி, சுவரோரமாக, என் ஜன்னலைத் தாண்டி, மெதுவாக வந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க நின்றான். மறுபடி வந்தான். என் பின்வாசலுக்கு முன்னால் ஷவலைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

வின்ஸ் என் கதவைத் தட்டினான். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

கதவு பூட்டியிருக்கவில்லை. வா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பான். ஆனாலும் அவன் மூன்று முறை தட்டி முடிக்கிறவரை நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.